கதவைச் சாத்தி எடுத்த கணக்கு

என் பிழைப்பு காற்றைக் கணக்குப் பார்ப்பது. ஓர் அறைக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வெளியே போய், அதன் இடத்துக்குப் புதுக்காற்று வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு கணக்கு, ஓட்டல் சமையல்கட்டுக்கு ஒரு கணக்கு, தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு வேறொரு கணக்கு. கட்டடங்கள் எங்கெங்கோ பெரிய ஊர்களில் எழும்பும். நான் வடக்கனந்தலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எந்தச் சுவரில் எவ்வளவு பெரிய ஃபேன் வைக்க வேண்டும் என்று வரைந்து அனுப்புவேன்.

கல்யாணமான புதிதில் என் வேலை என்னவென்று மாமனார் கேட்டார். சொன்னேன். அவர் அதை அப்படியே டீக்கடையில் கொண்டுபோய், "எங்க மருமவ காத்துக்குக் கணக்கு எழுதுது" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். தெருவில் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இன்னாம்மா, இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா கம்மியா?" என்று கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உங்க வூட்டுக்கு மட்டும் கம்மி பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டு நடப்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் நாங்கள் குடியிருந்த வீட்டை நான் ஒருநாளும் அளந்ததில்லை. அளக்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. என் கணவருக்குக் காசநோய் என்று தெரிந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஜன்னல்கள் எங்கே இருக்கின்றன என்றே பார்த்தேன்.

அவருக்குக் கள்ளக்குறிச்சியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. புரட்டாசி முழுக்க இருமிக்கொண்டே இருந்தார். கடைத் தூசி என்றார், டீசல் புகை என்றார், மழை ஆரம்பித்ததும் சளி என்றார். உடம்பு இளைத்துச் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததும் நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மாத்திரையை ஒருநாள் விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும். குழந்தைக்கும் வராமல் தடுக்க மருந்து தருகிறோம். வீட்டிலேயே இருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், ஆரம்ப வாரங்களில் குழந்தையைப் பக்கத்தில் விடக்கூடாது, படுக்கிற அறை நல்ல காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் நல்ல சேதியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பாயையும் போர்வையையும் எடுத்து ஒரு பையில் திணிக்க ஆரம்பித்தார்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"கொல்லைக்கு. மோட்டார் கொட்டாய்ல படுத்துக்கறேன். கொழந்த இருக்கற வூடு இது."

எங்கள் மகளுக்கு அப்போது பத்து மாதம். கூடத்து விட்டத்தில் தொங்கும் தூளியில்தான் அவள் பகலெல்லாம் தூங்குவாள். அவளைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் தூளி இருக்கும் பக்கமே திரும்பவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மோட்டார் கொட்டாய் என்பது வயலில் கிணற்றுமேட்டில் இருக்கும் ஆறடி அறை. மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, உர மூட்டை, அதற்கு நடுவே எலி. ஐப்பசி மழையில் மூன்று பக்கமும் ஒழுகும். பாம்பு வராத நாள் குறைவு. சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு சேற்று வரப்பில் நான் நடக்க வேண்டும். அவர் நேரத்துக்கு மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா, ராத்திரி காய்ச்சல் வந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. நோயைவிட எனக்கு அந்தக் கொட்டாய்தான் பயமாக இருந்தது. ஏற்கனவே பாதியாகிவிட்ட மனிதர் அங்கே போனால் மீதியும் கரைந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஒரு சாயங்காலம் டைம் குடுங்க" என்றேன். "காத்து பத்தாதுன்னா நானே பாய் எடுத்துக்கினு வந்து கொட்டாய்ல போடறேன். அளந்து பாக்காம போவக்கூடாது."

அவர் பையைக் கட்டிலுக்கடியில் வைத்தார். பிரிக்கவில்லை.

நோயாளி இருக்கும் அறையில் காற்று மணிக்குப் பன்னிரண்டு முறையாவது மாற வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி சென்னை ஆபீஸில் இருந்தது. கருவி இல்லாவிட்டால் அதற்கும் வழி உண்டு. ஜன்னல் ஓரத்தில் ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது, ஒரு மீட்டர் தூரம் போக எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் போதும். அதை ஜன்னல் திறப்பின் அளவோடு பெருக்கி, அறையின் கொள்ளளவால் வகுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே நான் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

சாமி மாடத்திலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். அந்த அறைக்கு வடக்கே ஒரு ஜன்னல், தெற்கே கூடத்துக்குப் போகும் கதவு. மேற்குச் சுவரில் தினசரி காலண்டர். அவர் முகக்கவசத்தோடு கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் முகம்.

கொளுத்தி ஜன்னலடியில் வைத்தேன். வாடைக்காற்று ஜன்னல் வழியாக வந்தது. புகை படுத்து, கட்டிலைத் தாண்டி, கதவை நோக்கி ஓடியது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றேன். போனில் நேரம் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு, இன்னொரு முறை சரிபார்க்கலாம் என்று குனிந்தேன்.

புகை நின்றுவிட்டது.

நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போனது. காற்று ஓய்ந்திருக்கும் என்று காத்திருந்தேன். வெளியே வேப்பமரம் நன்றாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த பத்தியைக் கொளுத்தினேன். அதுவும் நேராக நின்றது. அங்கும் இங்கும் லேசாக வளைந்ததைப் பிடித்துக் கணக்குப் போட்டால் விடை மூன்றைத் தொடவே தவித்தது. வேண்டியது பன்னிரண்டு.

நான் சொல்லவே தேவையில்லை. அவர் புகையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். மெதுவாகக் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தார். "வுடு. நீ இன்னா பண்ணுவ, வூடு அப்பிடி" என்றார். மாத்திரை டப்பாவை எடுத்து பாய்க்கு மேலே வைத்தார்.

நான் விடுவிடுவென்று கூடத்துக்கு வந்தேன். அங்கே என் மாமனார், உள்ளறை இருக்கும் பக்கம் பார்த்துக் கைகூப்பிக் கண்மூடி நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. தெருக்கதவு தாழ்ப்பாள் போட்டுச் சாத்தியிருந்தது. கூடத்து ஃபேனும் நின்றிருந்தது.

"மாமா, கதவ யாரு சாத்துனது?"

"நாந்தான். புள்ளைக்காவ நீ சாமிக்கு ஊதுவத்தி ஏத்தி வச்சிருக்கற. காத்துல அணைஞ்சா நல்லாவாம்மா இருக்கும்? அதான் ஃபேனையும் நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மாமியார் போன பிறகு அந்த வீட்டில் விளக்கேற்றுவது அவர்தான். விளக்கோ கற்பூரமோ எரியும்போது கதவைச் சாத்துவது, முற்றத்தில் என்றால் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொள்வது, அது எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே வரும். அவர் மனசில் அது பிரார்த்தனை. என் கணவருக்கோ வீட்டை விட்டுப் போக உத்தரவு. "அது சாமிக்கு இல்ல மாமா, காத்து வருதான்னு பாக்கறதுக்கு" என்று கத்திவிட்டு, போய்த் தெருக்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தேன்.

திறந்த வேகத்தில் புகை வந்தது. உள்ளறை ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு மேலாக, கதவு வழியாக, கூடத்துக்குள் வந்தது. வந்து, தெருக்கதவை நோக்கிப் போகும் வழியில், தூளியைச் சுற்றிக்கொண்டு போனது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மூக்கைச் சுளித்துத் தும்மினாள்.

சற்றுமுன் நான் துள்ளிக் குதிக்கப் பார்த்த காற்று இதுதான். அவர் மூச்சைக் கழுவி எடுத்துக்கொண்டு நேராக அவள் முகத்துக்குப் போகும் காற்று. காற்று எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பார்த்தேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வரைபடத்தில் இப்படி ஒரு தவறை வேறு யாராவது செய்திருந்தால் சிவப்பு மையில் சுழித்து ஒரு பாட்டு பாடியிருப்பேன். அறைக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு எடுப்பதுதான் உண்மையான கணக்கு. மாமனார் தெருக்கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால், எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று நான் அதே அறையில் என் கணவரை நிம்மதியாகப் படுக்க வைத்திருப்பேன். அந்த மனிதரின் விபூதி நெற்றிக்கு நான் பட்ட கடன் தீராது.

தூளியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் சமையல்கட்டில் விட்டேன். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று சுவர்களைப் பார்த்தேன். ஒரு ஜன்னல் மட்டும் இருக்கும் அறையில் காற்று வரப் பார்க்கும், போக வழியில்லாமல் வாசலிலேயே நின்றுவிடும். எதிரிலோ பக்கத்திலோ இன்னொரு திறப்பு வேண்டும். காலண்டரைக் கழற்றினேன். சுண்ணாம்புக்கு அடியில் ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரம் லேசாகத் தெரிந்தது.

அந்தச் சதுரத்தின் கதை எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் தம்பி, என் சின்ன மாமா வீடு. பாகம் பிரித்தபோது மேற்கு வாசல் அவருக்குப் போனது. இந்த ஜன்னல் அவர்கள் குளிக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடைக்கச் சொன்னார்கள். என் வீட்டு ஜன்னலை நீ யார் அடைக்கச் சொல்ல என்று மாமனார் கேட்டார். பேச்சு முற்றி, ஊர்ப் பெரியவர்கள் வந்து, கடைசியில் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் வந்து சாப்பிடாமல் போனார்கள். இப்போது அவர்கள் வாசலின் வேறொரு மூலையில் மேல்கூரை போட்ட குளியலறை கட்டிவிட்டார்கள். ஜன்னலுக்கு இருந்த தடை எப்போதோ போய்விட்டது, சுவர் மட்டும் நின்றது.

மாமனாரிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"அவன் வாசல்ல போயி நான் நிக்கறதா?"

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. "எனக்காவ யாரும் யாருகிட்டயும் போயி நிக்க வேணாம். நான் காலையில கொல்லைக்குப் போறேன்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நான் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்ன மாமா வாசலில் நின்றேன். அவர் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி எங்கள் மேற்குச் சுவரில் சாய்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையில் யாருடனோ சேர்ந்து மரவள்ளி போடுகிறார், நடவுக்கான குச்சி. அவர் மனைவி சின்னத்தை படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காராமலே சொல்லிவிட்டேன்.

பாதியை மறைத்துச் சொல்ல முடியும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போய் நின்றதும் முடியவில்லை. என்ன இருந்தாலும் என் வேலை அது. "ஆடி மாசம்னா மலைக்காத்து உங்க பக்கத்துலேந்து எங்க வூட்டுக்குள்ள வரும் மாமா. இப்ப வாடைக்காத்து. அந்த ஜன்னலத் தொறந்தா, அவரு ரூம்ல இருக்கற காத்து உங்க வாசலுக்குத்தான் வரும்."

சின்ன மாமா குச்சிக் கட்டைக் கீழே வைத்தார். "வந்தா?"

"வெட்டவெளிக்கு வந்துட்டா கலைஞ்சி போயிடும். வெயிலும் பட்டுடும். ஜன்னல ஒட்டி யாரும் ஒக்காரக்கூடாது, படுக்கக்கூடாது. அது மட்டும்தான். ஆனா வரவே வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்தை பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. "யோசிச்சி சொல்றேன் போம்மா" என்றார் சின்ன மாமா. எங்கள் பக்கம் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வீட்டுக்கு வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், தூக்குப் பாத்திரத்தைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தேன். அன்று ராத்திரி மழை பெய்தது. ஒவ்வொரு தூறலுக்கும் எனக்குக் கொட்டாய்க் கூரைதான் ஞாபகம் வந்தது.

காலையில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். சமையல்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதுதான் மேற்குச் சுவருக்கு வெளியே ஏதோ சரசரவென்று இழுபடும் சத்தம். குச்சிக் கட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்துகிறார்கள். பிறகு சின்னத்தையின் குரல், தெருவுக்கே கேட்கும்படி:

"அடைக்கச் சொன்னதும் நாந்தான், தொறக்கச் சொல்றதும் நாந்தான். நம்ம வூட்டுப் புள்ள மழையில கொட்டாய்லயா போயி கெடக்கும்? நீ இடி!"

சுவரில் கடப்பாரை விழுந்தது.

நாங்கள் அறைக்குள் ஓடினோம். சுண்ணாம்பு பொரிந்து கொட்டியது. முதல் செங்கல் ஆடியது. எனக்கு முன்னால் மாமனார் வந்து சுவரடியில் நின்றிருந்தார், கையில் ஒரு சாக்கு. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"டேய், மெதுவா. உள்ள வுழுவுது."

அந்தப் பக்கம் கடப்பாரை நின்றது. எத்தனையோ வருஷம் பேசாத அண்ணன் குரல்.

"சரிண்ணா" என்று பதில் வந்தது. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. கால்ல வுழுந்துடப் போவுது."

என் கணவர் பையோடு கதவு நிலையில் சாய்ந்து நின்று அழுதார். முகக்கவசம் நனைந்துவிட்டது. வேறு எடுத்துக் கொடுத்தேன்.

மதியத்துக்குள் சதுரம் முழுக்கத் திறந்துவிட்டது. சட்டமும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் ஓட்டை. அதற்குள் தூரத்தில் கல்வராயன் மலை, மழை கழுவிய நீலத்தில். அறைக் கதவைச் சாத்தி, கீழே துணி செருகி, மறுபடி ஊதுபத்தி கொளுத்தினேன். இந்த முறை மாமனாரை எனக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். புகை வடக்கு ஜன்னலில் எழுந்து, கட்டிலைத் தடவிக்கொண்டு, மேற்கே வளைந்து, புது ஓட்டை வழியாக வெளியே போனது. முதல் கணக்கிலேயே பன்னிரண்டைத் தாண்டி அதைப்போல் இன்னொரு மடங்கு வந்தது. தவறாக இருக்கும் என்று இன்னொரு பத்தியைக் கொளுத்தி மேற்குத் திறப்பின் ஓரத்தில் வைத்தேன்.

வெளியே கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்த சின்ன மாமா நிமிர்ந்து பார்த்தார். ஊதுபத்தியைக் கண்டதும் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். சுவருக்குள் இரண்டு கையையும் நீட்டி, அணைந்துவிடாமல், அதைக் குவித்து மறைத்துக்கொண்டு கண்ணை மூடினார். புகை நேராக நின்றது.

மாமனார் என் முகத்தைப் பார்த்தார். இருக்கட்டும், சின்ன மாமா முடிக்கட்டும் என்று இருந்தேன். என் கணவர் பையைத் திறந்து பாயை எடுத்துத் தட்டிக் கட்டிலில் விரித்தார்.

மாத்திரை முடிய மறுவருஷம் சித்திரை ஆயிற்று. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்று மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்தார். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. சின்ன மாமா வீட்டிலும் யாருக்கும் எதுவும் இல்லை. பார்த்துவிடலாம் என்று அவர்கள் எல்லோரையும் நான்தான் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சின்னத்தை வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். இவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் சொன்னால், "இன்னா பெரிய இது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜனங்கள்.

அந்த ஜன்னலுக்கு இப்போது சட்டமும் கம்பியும் இருக்கின்றன. அறைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆடி பிறந்தால் மலைக்காற்று மேற்கிலிருந்து வந்து, அறையைத் தாண்டி, கூடத்தில் மாமனார் ஏற்றி வைக்கும் விளக்கை அணைத்துவிடும். முதல் தடவை அது அணைந்தபோது, கதவைச் சாத்துவதற்கு நான்தான் எழுந்தேன்.

"வுடும்மா, அது வரட்டும்" என்றார் மாமனார். தீப்பெட்டியை எடுத்து மறுபடி ஏற்றினார்.